இரண்டு மணி நேரம், வேறு யாரால்?

கேள்வி: எங்களுக்குத் திருப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். மகனுக்கு 4 வயது 3 மாதம். மூன்று வயதில் ஆட்டிசம், மிதமான அளவு என்று சொன்னார்கள். பத்துப் பதினைந்து வார்த்தை சொல்வான், ஆனால் வேண்டியதைக் கேட்கத் தெரியாது. கையைப் பிடித்து இழுப்பான். தயிர்சாதம், இட்லி, மேரி பிஸ்கட் தவிர எதையும் தொட மாட்டான், அதுவும் போன் பார்த்தால்தான். இரவு 12 மணிக்குத் தூங்கி 4 மணிக்கு எழுந்து, மறுபடி 6 மணிக்குக் கண்ணயர்ந்து 9 வரை தூங்குவான். கேட் திறந்திருந்தால் ஓடிவிடுகிறான். போன மாதம் ஒரு காதுகுத்தில் மேளச் சத்தத்துக்குக் கத்தித் தரையில் புரண்டான். சொந்தக்காரர்கள் என் வளர்ப்பைத்தான் சொன்னார்கள். கணவர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அத்தை, "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார். 9 வயது மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வாரம் மூன்று நாள், 45 நிமிடம் தெரபி. நான் தையல் வேலையை விட்டுவிட்டேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். நாங்கள் எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் வெளிப்படையாக எழுதாத ஒன்று வரிக்கு வரி தெரிகிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தும் பையனின் மொழி உங்கள் ஒருவருக்குத்தான் புரிகிறது. அவன் எதற்கு இழுக்கிறான், எதற்கு அழுகிறான் என்று மற்றவர்கள் உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இப்படியே போனால் உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் வீடு நின்றுவிடும், அவனும் உங்களைத் தவிர யாரிடமும் பழக மாட்டான். ஆகவே குறிக்கோளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு மாதத்தில், நீங்கள் வீட்டில் இல்லாமல் இரண்டு மணி நேரம் அவனை அப்பாவோ அப்பத்தாவோ கலவரமின்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

தெரபி வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம். பையன் விழித்திருப்பது வாரத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல். தெரபிஸ்ட் வழிதான் காட்டுவார், பழக்கம் வீட்டில்தான் பிடிபடும். இதைப் படித்துவிட்டு வீட்டையே தெரபி சென்டராக்கி, நாள் முழுக்க அவனை உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீர்கள். குளியல், சாப்பாடு, செருப்பு மாட்டுவது, கடைக்குப் போவது என்று எப்படியும் நடக்கிற வேலைகளுக்குள் நுழைத்தால் போதும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம்: மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். நாளுக்கு மூன்று நான்கு சம்பவம் போதும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். "கத்தினான் – போன் கொடுத்தோம்" என்று ஒரே வாரத்தில் ஒன்பது முறை வந்திருந்தால், கத்தினால் போன் வரும் என்று வீடே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். "மிக்ஸி ஓடியது – காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்" என்று வந்தால் அது அடமே இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. நோட்டை நீங்கள் மட்டும் எழுதாதீர்கள். கணவரும் அவர் பார்த்ததை எழுதட்டும்.

கேட்டைப் பற்றி எழுதியதால் பாதுகாப்பை மட்டும் நாளைக்கே செய்யுங்கள், ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். வீட்டை விட்டு ஓடும் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து தண்ணீர். உங்கள் பக்கம் மதில் இல்லாத கிணறுகளும் வாய்க்கால்களும் உண்டு. வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் எங்கெல்லாம் தண்ணீர் இருக்கிறது என்று கணவரும் நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள். அவன் காணாமல் போனால் முதலில் ஓடித் தேட வேண்டியது அங்கேதான், தெருவில் அல்ல. தரைத் தொட்டி மூடிக்குப் பூட்டு போடுங்கள். கேட்டிலும் முன்வாசல் கதவிலும் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், சுமார் ஐந்தடியில், ஒரு தாழ்ப்பாள். கதவில் ஆட்டினால் ஒலிக்கிற மணி. உள்ளே ஆள் இருக்கும்போது சாவி போட்டுப் பூட்டாதீர்கள், தீப்பிடித்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வீர்கள். சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். தையல் தெரிந்த உங்களுக்கு அது அரைமணி வேலை. பெயர் வேண்டாம், எண் போதும். மளிகைக் கடைக்காரரிடமும் பக்கத்து இரண்டு வீட்டிலும் அவன் போட்டோவைக் காட்டி, "தனியா பார்த்தா கூப்பிட்டா திரும்ப மாட்டான், கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லிவையுங்கள்.

அடுத்தது தூக்கம். வீட்டில் யாரும் தூங்காமல் வேறெதுவும் மாறாது. இங்கே பலரும் செய்யும் தவறு, பையனை ஒன்பது மணிக்கே இருட்டில் படுக்கவைத்து மூன்று மணி நேரம் போராடுவது. அவனுக்குப் படுக்கை என்றாலே சண்டை என்று பதிந்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். காலை எழுப்பும் நேரத்தை முதலில் கட்டுங்கள்: ஞாயிறு உட்பட 7 மணி, எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். பகல் தூக்கம் ஒரு மணி நேரம், மூன்று மணிக்குள் முடிய வேண்டும். இரவு அவன் உண்மையில் தூங்கும் 12 மணிக்கே முதலில் படுக்கவையுங்கள், சீக்கிரம் தூங்கிவிடுவான். பிறகு மூன்று இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். ஒன்பதரைக்கு வர ஒரு மாதம் ஆகும். நடுவில் எந்தப் படியிலாவது அரைமணி புரண்டால் அங்கேயே இன்னும் மூன்று இரவு நில்லுங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு போனும் டிவியும் நிற்க வேண்டும், பெரியவர்களுக்கும் சேர்த்து. பையனுக்கு மட்டும் தடை போட்டு அப்பா பக்கத்தில் வீடியோ பார்த்தால் எந்தக் குழந்தையும் தூங்காது.

நாலு மணிக்கு எழுவதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். மலச்சிக்கல், கீரிப்பூச்சி அரிப்பு, இரும்புச் சத்துக் குறைவு மூன்றும் இந்த வயதில் தூக்கத்தைக் கலைக்கும். தயிரும் இட்லியுமாகவே வளரும் குழந்தைக்கு இரும்புச் சத்து குறைய வாய்ப்பு அதிகம். பாலும் தயிரும் மிகுந்தால் உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பும் சரியாக உடம்பில் சேராது. ஹீமோகுளோபினோடு, உடம்பில் இருப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள். ஆட்டிசம் உறுதியானாலும் அது தேவை. தூக்கத்துக்கு மெலடோனின் தரலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சளி மருந்து கொடுத்துத் தூங்கவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இனி பேச்சு. கையைப் பிடித்து இழுப்பதும் பேச்சுதான், ஆனால் அது உங்கள் கைக்கு மட்டும் புரிகிற பேச்சு. படம் கொடுத்துக் கேட்கப் பழக்கினால் யாரிடமும் கேட்பான். அவன் சாப்பிடும் அதே மேரி பிஸ்கட்டை உங்கள் போனில் படம் எடுத்து, ஸ்டுடியோவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். அது அவனுடைய பிஸ்கட் இல்லை. பின்னால் வெல்க்ரோ ஒட்டி ஒரு அட்டையில் மாட்டுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு படம்.

பழக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் அப்பத்தா பிஸ்கட்டை வைத்துக்கொண்டு உட்காரட்டும். பின்னால் நீங்கள். அவன் பிஸ்கட்டுக்குக் கை நீட்டும்போது, பேசாமல் பின்னாலிருந்து அவன் கையைப் படத்தின் மேல் வைத்து எடுக்கவைத்து அப்பத்தாவின் உள்ளங்கையில் போடவையுங்கள். படம் கையில் விழுந்த அந்த நொடியே அவர் "பிஸ்கட்" என்று ஒரே வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். பிஸ்கட்டை நாலாக உடைத்து வைத்தால் ஒரு வேளைக்கு நாலைந்து முயற்சி கிடைக்கும். நாளுக்கு இருபது முறையாவது நடக்கட்டும். நாலைந்து நாளில் உங்கள் கை அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், பிறகு தோளுக்கும் நகர வேண்டும். கடைசியில் நீங்கள் பின்னால் இல்லாமலே போக வேண்டும்.

இது கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். "என்ன வேணும்?" என்று நாம் முதலில் கேட்டுவிடுவோம், பிறகு கேள்வி வரும்வரை பையன் காத்திருப்பான், தானாகக் கேட்க மாட்டான். அல்லது படம் கொடுத்த பிறகும் "வாயில சொல்லு, அப்பதான் தருவேன்" என்று பிடித்துவைப்போம். இரண்டு நாளில் படத்தை வீசிவிடுவான். அல்லது ஆர்வத்தில் முதல் நாளே முப்பது படத்தைச் சுவரில் ஒட்டுவோம். படம் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஆவதில்லை. பல குழந்தைகளுக்குப் படத்தோடு சேர்ந்து சொல்லும் வருகிறது. படங்கள் நாற்பது ஐம்பதைத் தாண்டினால் டேப்லெட் செயலிக்குப் போகலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். நாம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக் கேட்டு, தாகம் எடுத்தால் பையனும் "தண்ணி வேணுமா" என்றே சொல்வான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் சகஜம், அது நல்ல அறிகுறியும்கூட. திருத்த வேண்டாம். வீட்டில் எல்லோரும் அந்த 'ஆ'வை விட்டுவிடுங்கள். தண்ணீரைக் காட்டி, அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயாக நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." கொடுங்கள். அப்படியே "வெளிய போலாம்", "போதும்", "வேண்டாம்". இதில் "வேண்டாம்" மிக முக்கியம். வேண்டாம் என்று காட்டத் தெரியாத குழந்தைதான் கடிக்கும், தள்ளும். ஸ்கூலில் இங்கிலீஷ் என்பதால் வீட்டிலும் இங்கிலீஷில் பேசச் சொன்னால் கேட்காதீர்கள். அப்பத்தாவுக்கு வராத மொழியில் பேசினால் அவரையும் இழந்துவிடுவான்.

சாப்பாட்டில் பொறுமை அதிகம் வேண்டும். தயிர்சாதம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். சாம்பார் சாதத்தில் ஒரு வாய் பருப்பு, ஒரு வாய் கத்தரிக்காய், ஒரு வாய் கறிவேப்பிலை. நாக்கில் அடுத்து என்ன வருமென்று தெரியாததுதான் அவனுக்குப் பயம். ஆகவே தயிர்சாதத்துக்குள் கேரட்டை மசித்து ஒளித்து ஊட்டாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதமும் போய்விடும், பிறகு பிஸ்கட் மட்டும்தான். புதியதைத் தனிக் கிண்ணத்தில், சுண்டுவிரல் நகமளவு, தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அது அங்கே இருப்பதைப் பொறுப்பது முதல் படி. பிறகு தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது. ஒவ்வொன்றும் வெற்றிதான். ஒரே பொருளைப் பத்துப் பதினைந்து முறை காட்ட வேண்டிவரலாம். இரண்டு முறை தள்ளிவிட்டான் என்று விடாதீர்கள். பிடித்ததிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றிப் போங்கள்: இட்லி, துண்டாக வெட்டிய இட்லி, லேசாக நெய்யில் வாட்டிய இட்லி, ஊத்தப்பம், தோசை. நிறம், வடிவம், சூடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது.

போனை ஒரேயடியாகப் பிடுங்கினால் சாப்பாடே நின்றுவிடும். முதல் வாரம் கையில் இல்லாமல் எட்ட வையுங்கள். அடுத்த வாரம் திரையைக் கவிழ்த்துப் பாட்டு மட்டும். பிறகு முதல் ஐந்து வாய் பாட்டில்லாமல், மீதி பாட்டோடு. நாளுக்கு மூன்று வேளை, இரண்டு நொறுக்குத் தீனி. நடுவில் இரண்டரை மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும். ஒரு வேளை 25 நிமிடம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள். வீடு முழுக்கத் துரத்தி ஊட்டும் வேலையை விடுவது அப்பத்தாவுக்குக் கடினம், தெரியும். எடை குறைந்தாலோ, ஏற்கனவே சாப்பிட்ட மூன்றில் ஒன்று நின்றாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். கோதுமையையும் பால் பொருளையும் நிறுத்தும் டயட் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, உங்கள் பையனுக்கு ஆபத்தும்கூட: தயிரை எடுத்துவிட்டால் அவன் தட்டில் என்ன இருக்கிறது?

காதுகுத்தில் நடந்தது அடமில்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மேளச் சத்தம் தாங்காமல் வெடித்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தம் போக வேண்டும், நேரம் ஆக வேண்டும். அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தலை இடிக்காமல் மட்டும் பாருங்கள், இருபது நிமிடம் போகட்டும். திட்டுவதும் சமாதானம் சொல்வதும் அவனுக்கு இன்னொரு மேளம்தான். அடுத்த விசேஷத்துக்கு, மண்டபத்தின் போட்டோவை முந்தின நாள் காட்டுங்கள். மேளத்துக்கு முன்போ, பந்தி நேரத்திலோ போய் 40 நிமிடத்தில் கிளம்புங்கள். கதவோரம் உட்காருங்கள். அவன் திணறினால் யார் வெளியே கூட்டிப்போவது என்று வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். ஒவ்வொரு முறையும் அது நீங்களாகவே இருக்கக் கூடாது. மிஷின் சத்தம் அதிகமுள்ள இடங்களில் தொழிலாளர்கள் மாட்டும் காதுமூடி வாங்கி, வீட்டில் நாளுக்கு ஒரு நிமிடம் என்று பழக்கியபின் எடுத்துப்போங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: "அவனுக்குச் சத்தம் காதுல வலிக்கும், அடம் இல்ல." விளக்கவுரை வேண்டாம்.

அத்தை சொன்னதோடு சண்டை போடாதீர்கள். தெரியாமலே ஒரு உண்மையைத் தொட்டிருக்கிறார்: ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, ஒரே குடும்பத்தில் தாமதமாகப் பேசியவர்கள் இருப்பது அபூர்வமில்லை. அதற்காகக் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான். அவரை வாதத்தில் ஜெயிப்பதைவிட, பிஸ்கட் படம் அவர் கையில் விழும் அந்தக் கணத்தை அவருக்குக் கொடுங்கள். தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று மேலைநாட்டு மருத்துவர்களே 1950களில் எழுதினார்கள். பிறகு அந்தக் கருத்து முழுக்கக் கைவிடப்பட்டது. நீங்கள் வேலைக்குப் போனதாலோ, போன் கொடுத்ததாலோ, தடுப்பூசியாலோ இது வரவில்லை.

கணவருக்கு "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்ற பொதுவான வேலை வேண்டாம், ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள்: குளியலோ, இரவு படுக்கவைப்பதோ. ஷிஃப்ட் மாறும் வாரங்களில் அது காலையிலிருந்து மாலைக்கு மாறட்டும், ஆனால் செய்யும் முறை மாறக் கூடாது. நீங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவீர்கள் என்றால் அவரும் எண்ண வேண்டும். அவர் வேறு மாதிரி செய்யும்போது குறுக்கே போய்ப் பிடுங்காதீர்கள். முதல் பத்து நாள் சொதப்பும்.

மகளிடம் மறைக்காதீர்கள். "தம்பிக்கு மூளை வேற மாதிரி வேலை செய்யுது, பேச, விளையாட அவனுக்கு நாம சொல்லித்தரணும். யார் தப்பும் இல்ல" என்பது ஒன்பது வயதுக்குப் போதும். நாளுக்கு 15 நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்கு மட்டும். நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசாக அல்ல, எப்படியிருந்தாலும். அவள் நோட்டுகளுக்குத் தம்பி கைக்கு எட்டாத, பூட்டுள்ள ஒரு தட்டு வேண்டும். "நீதான் பெரியவ, விட்டுக்கொடு" என்ற வாக்கியத்தை வாரத்துக்கு எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று அதே நோட்டில் எண்ணிப் பாருங்கள்.

ஸ்டெம் செல்லுக்கு எங்கள் பதில்: வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரம் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. கடன் வாங்கி ஊசி போடுவதைவிட, தெரபி நேரத்தில் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மறுத்து, "முழுசா குணமாக்கிடுவோம்" என்று மட்டும் சொல்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

காகித வேலை கொஞ்சம் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆட்டிசம் 21 மாற்றுத்திறன்களில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகள். அரசு மருத்துவமனையில் ஆட்டிசத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் மதிப்பிட்டுச் சான்று தருவார்கள், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி. கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது வெட்கப்பட்டு நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நோட்டை எடுத்துப்போங்கள். அரசுத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற சொல்லைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். மொழிபெயர்த்தவரின் பிழை அது. உங்கள் பையனுக்குப் புற உலகம் அளவுக்கு மீறிக் கேட்கிறது என்பதுதான் பிரச்சினையே. அட்டை வந்ததும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள்: வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளி பற்றி உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை இப்போதே பாருங்கள். இப்போதைக்கு அங்கன்வாடியில் நாளுக்கு ஒரு மணி நேரம் உட்காரப் பழகினாலே நல்லது.

உங்களைப் பற்றி ஒன்று. அவன் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி, அவன் வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். முதல் முறை கால்மணி நேரம் கடைக்குப் போய் வாருங்கள். அடுத்த வாரம் அரைமணி. வெளியே போகும்போது நைசாக நழுவாதீர்கள், அப்படிச் செய்தால் அதன்பின் உங்கள் முந்தானையையே விடமாட்டான். உங்கள் படத்தையும் கேட்டின் படத்தையும் காட்டி, "அம்மா போய்ட்டு வருவா" என்று சொல்லிவிட்டே போங்கள். பிஸ்கட் அட்டை, காதுமூடி, தாழ்ப்பாள் மூன்றும் இருக்கும் இடம் அத்தைக்கும் கணவருக்கும் தெரிந்திருக்கட்டும். முதல் நாள் நாலு முறை போன் வரும். எடுங்கள், சொல்லுங்கள், ஆனால் பாதியில் திரும்பி ஓடிவராதீர்கள்.